அத்தை மறந்த சண்டை

அத்தையின் சுருக்குப் பை இந்த மாதம் நாலாவது தடவையாகக் காணாமல் போயிற்று. உள்ளே 340 ரூபாயும், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவியும் இருக்கும். நான் அடுக்களையில் சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். தார்சாவில் எதிர்வீட்டு மதினியிடம் அத்தை சொன்னது நன்றாகவே கேட்டது: "இங்க வேலைக்கு ஒருத்தி நிக்காள்லா, அவதான் எடுத்திருக்கா."

வேலைக்கு நிற்பவள் நான்தான். கல்லிடைக்குறிச்சியில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பை உளுந்து டப்பாவில் கிடந்தது. அதற்கு முந்தின தடவை தலையணை உறைக்குள்.

பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கியிருந்தார். அல்சைமர் நோயில் மூளையில் முதலில் அடிபடுகிற பகுதிகளில் ஒன்று ஹிப்போகேம்பஸ்; புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கிற இடம். பையை ஒளித்து வைத்தது பதியவே இல்லை. பை இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். எப்போதும் பக்கத்தில் நிற்கிறவள்தான் திருடி. டாக்டர் அறையில் எனக்கு இது அழகாகப் புரிந்தது. அடுக்களையில் கரண்டியோடு நிற்கும்போதுதான் புரிய மாட்டேன் என்கிறது.

ஏனென்றால் எனக்கு இது புதுப் பழி இல்லை. 1992 ஐப்பசியில் எனக்குக் கல்யாணம். மூன்று வாரம் முடியவில்லை, நவம்பரில் தாமிரபரணியில் அந்தப் பெரிய வெள்ளம். மலையில் விடாமல் கொட்டி, அணைகளைத் திறந்துவிட்டு, ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை சொன்னார், "இவ காலெடுத்து வச்ச நேரம், ஆறே வீட்டுக்குள்ள வந்துட்டு." பட்டாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது வயது 21.

அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். எப்போதாவது ஒரு நாள், அத்தை கொஞ்சம் தளர்ந்த பிறகு, மெதுவாகக் கேட்கலாம் என்று இருந்தேன். தளர்ந்தார். ஆனால் கேட்க ஆள் இல்லை.

2023 டிசம்பரில் மறுபடி அப்படி ஒரு மழை. கரண்ட் இல்லை. அத்தைக்கு நோய் என்று தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருந்தவர் திடீரென்று நிமிர்ந்து, "ஆத்துல வெள்ளமாமே, எந்த வீட்டுக்கு ஏளா புது மருமக வந்திருக்கா?" என்று என்னிடமே கேட்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் அழுகிறேன் என்று நினைத்து என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்கர், ஆள் கண்முன்னால் இருக்க உள்ளே இருந்தவர் போய்விடுவதை ஒரு தனி வகை இழப்பு என்று எழுதியிருக்கிறார். அழுது முடிக்க முடியாத இழப்பாம். தாய், கணவன் என்றால் சரி. மாமியார் என்றால்? நான் இழந்தது என் எதிராளியை. இதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலை அத்தைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை முடி, நூல் மாதிரி. அன்றைக்கும் திருடிப் பட்டம் கிடைத்திருந்தது. சீப்பைத் தேவைக்கு மேல் இழுத்தேன். வேண்டுமென்றேதான். "வலிக்குதும்மா" என்றார். என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறந்துதான் போனார். ஆனால் சாயங்காலம் பூ வைக்கப் போனால் தலையைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் படித்தேன், அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-இல் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பார்த்ததே மறந்துபோன பிறகும் சோகம் மட்டும் அவர்களிடம் தங்கியிருந்ததாம். "அதுதான் மறந்துவிடுமே" என்று பிடித்துக்கொண்டிருந்த சாக்கு அன்றோடு போயிற்று.

இப்போது தலை வாருவது என் வீட்டுக்காரர். நானே கேட்டுக்கொண்டேன், காரணம் சொல்லவில்லை. பெற்ற தாய்க்கு மகன் பின்னல் போடுவதைத் தெருவில் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். நெற்றி வரைக்கும் எண்ணெய் வழியும், வகிடு கோணலாகத்தான் வரும். அத்தை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வருது, எங்க படிச்ச?" என்று கேட்கிறார்.