தடிப்பு

ஏப்ரல் 3
தடிப்பும் அரிப்பும் திரும்பவும் வந்திட்டுது. இடுப்புப் பட்டி இறுகின இடம், பிறகு முதுகு முழுக்க.

ஏப்ரல் 4
விடிய ஒண்டையும் காணேல்ல. ஒவ்வொரு தடிப்பும் 24 மணித்தியாலத்துக்குள்ள மறைஞ்சிடுமாம், அதுதான் டொக்டரிட்டப் போற நேரம் கை சும்மா மொழுமொழு எண்டு இருக்கு. இனிப் பேனையால சுத்திக் கீறி, பக்கத்தில நேரமும் எழுதி, போனில படம் எடுத்து வைக்கப்போறன்.

ஏப்ரல் 6
இறால், கணவாய், தக்காளி, அன்னாசி எல்லாம் நிப்பாட்டியாச்சு. இண்டைக்கு அம்மா கத்தரிக்காயையும் நிப்பாட்டிட்டா. சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டுப் படுத்தாலும் இரவு பத்து மணிக்கு வயித்தில கிளம்புது. அப்ப எது? ஏதோ ஒண்டு இருக்கத்தானே வேணும்?

ஏப்ரல் 8
டொக்டரிட்ட சனல் பண்ணி, அதாவது முன்னமே புக் பண்ணிப் போனது. ஆறு கிழமை தாண்டினா நாட்பட்டது எண்டுதான் கணக்காம், அதில அனேகம் பேருக்கு வெளியில ஒரு காரணமும் பிடிபடாதாம், சாப்பாட்டால வாறது சரியான அருமையாம். உடம்பே தன்னைத் தூண்டி, தடிப்பையும் அரிப்பையும் கிளப்புற ஹிஸ்டமினைக் கொட்டுதாம். அந்த ஹிஸ்டமினைத் தடுக்கிற செட்டிரிசின் குளிசை 10 மி.கி. தந்தார். கடிச்சு அரிச்சாப் பிறகு போடுறதில்ல, கடிச்சாலும் கடிக்காட்டிலும் தினம் ஒரே நேரத்துக்குப் போடோணும். கேக்காட்டி கூட்டலாம், நாலு மடங்கு வரைக்கும், ஆனா அவர் சொன்னாத்தான். பிரட்னிசோலோன் எண்ட ஸ்டீரொய்ட் குளிசை கேட்டன், அது உடன அமத்தும். கடுமையா வந்தா சில நாளைக்கு மட்டும்தானாம், நீட்டிப் போட்டா எலும்பு, சீனி, பிரஷர் எல்லாத்திலயும் கை வைக்குமாம். அழுகை வந்திட்டுது.

ஏப்ரல் 9
நித்திரை. விடியும்வரை.

ஏப்ரல் 11
ஒஃபிசில தலையிடி. ஒரு அக்கா ஐபுப்ரோஃபென் நீட்டினா, வேண்டாம் எண்டிட்டன். அதுவும் அஸ்பிரினும் தடிப்பைக் கிளப்பிவிடலாம். பனடோல்தான்.

ஏப்ரல் 12
வெள்ளவத்தையில வருசச் சாமான் வாங்கி 100ஆம் நம்பர் பஸ்ஸில வாறன், என்ன வெக்கை, என்ன சனம், பை தொங்கின கையில ரெண்டு கோடு கயிறு மாதிரி எழும்பி நிக்குது.

ஏப்ரல் 14
சொண்டு வீங்கிட்டுது. கண்ணாடிக்கு முன்னால நாக்கை நீட்டி நீட்டிப் பாத்தன். நாக்கு வீங்கினா, மூச்சு இழுத்தா யோசிக்காம 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லி அம்மாட்டச் சொல்லி வச்சிருக்கிறன். பெரியம்மா வந்தவுடன கேட்டது, “இறால் சாப்பிட்டனியோ பிள்ளை?”

ஏப்ரல் 17
குளிசை காலையும் இரவும் ஆயிட்டுது. இதுவும் கேக்காட்டி ஒமலிசுமாப் ஊசி, 300 மி.கி., 4 கிழமைக்கு ஒருக்கா. விலையைக் கேட்டு அம்மா கதிரையில இருந்திட்டா. அதுக்கும் அங்கால நோய் எதிர்ப்பை அமத்திற சைக்ளோஸ்போரின், கிட்னியும் பிரஷரும் பாத்துப் பாத்துத்தான். தடிப்புக்கு 0–3, கடிக்கு 0–3, ரெண்டையும் கூட்டி ஒவ்வொரு நாளும் புள்ளி போடச் சொன்னார் டொக்டர்.

ஏப்ரல் 18
5.

ஏப்ரல் 19
4. தைரொய்ட் ரிப்போட் நாளைக்கு. ஏதாவது இருக்கட்டும் எண்டு மனம் கேக்குது, காரணம் எண்டு ஒண்டாவது கிடைக்குமே.

ஏப்ரல் 20
நோர்மல். 3. நாளைக்கு இறால் வாங்கச் சொல்லியிருக்கிறன்.