பட்ட கட்டையில் கண்ட கிண்ணத்துக்கு நான்கு பெயர்கள்

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் இராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் பூஞ்சை தேடிப் படகில் போனோம். நான் கட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்த படகுக்கார அண்ணன், "பச்சை மரம் இவ்வளவு நிற்க, பட்ட கட்டையில் என்ன தம்பி தேடுகிறீர்கள்?" என்றார். லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். கடுகைவிடச் சிறிய கறுப்புக் கிண்ணங்கள் மரத்தோடு ஒட்டியிருந்தன; ஒரு பூஞ்சையின் வித்துக் கிண்ணங்கள். வெகுநேரம் பார்த்தார். "இத்தனை வருடம் இதை மிதித்துத்தான் ஏறியிருக்கிறேன்" என்றார்.

அறைக்கு வந்து சவரப் பிளேடால் ஒரு கிண்ணத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தேன். கிண்ணத்துக்குள் நுண்ணிய பைகள், பைக்கு எட்டு வித்துகள். பழுப்பு நிறம், நடுவே ஒரு தடுப்பு, நீளவாக்கில் மெல்லிய வரிகள். அந்த வரிகளைத் தெளிவாகக் காண எனக்கு மூன்று நாளாயிற்று. அவற்றைத் தவறவிட்டால் அடையாளமே தவறிவிடும். 'டாக்டைலோஸ்போரா ஹாலியோட்ரெஃபா' என்று ஆய்வேட்டில் எழுதினேன். மதிப்பீட்டாளர் பெயரை அடித்துத் திருப்பியனுப்பினார். காரணமாக ஒரு சொல்லும் இல்லை. கண்ணெரியப் பார்த்துச் சேர்த்த பெயர், மிகவும் வலித்தது.

பெயரின் வரலாற்றைத் தோண்டிய பிறகுதான் புரிந்தது. 1965இல் கடல் பூஞ்சை ஆய்வாளர்களான கோல்மேயர் தம்பதியர் இதை முதலில் 'புவெல்லியா' என்ற லைக்கன் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிரி) பேரினத்தில் வைத்தார்கள். 1971இல் அவர்களே 'கைமாடிஸ்கஸ்' பேரினத்துக்கு மாற்றினார்கள். 1979இல் ஹாஃபெல்னர் என்ற லைக்கன் ஆய்வாளர் டாக்டைலோஸ்போராவில் சேர்த்தார். லைக்கன்மேல் கரும்பொட்டுகளாக வளரும், கிண்ணமே இல்லாத 'ஸ்கிளிரோகாக்கம்' என்றொரு பேரினமும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒட்டவே ஒட்டாது. மரபணுவைப் பார்த்தால் ஒரே பேரினம்: கிண்ணம் பாலின நிலை, கரும்பொட்டு பாலிலா நிலை. பாலின நிலைக்கு ஒரு பெயர், பாலிலா நிலைக்கு ஒரு பெயர் என்ற பழைய சலுகையை 2011 மெல்போர்ன் பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு நிறுத்திவிட்டது. ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர், அதுவும் மூத்த பெயர். டாக்டைலோஸ்போரா என்ற பெயர் வந்தது 1855இல், ஸ்கிளிரோகாக்கம் 1825இல். அதனால் 2018இல் இது 'ஸ்கிளிரோகாக்கம் ஹாலியோட்ரெஃபம்' ஆயிற்று. பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கு ஏற்ப இரண்டாம் சொல்லின் ஈறு மட்டும் மாறியிருக்கிறது. 'கடல் ஊட்டி வளர்த்தது' என்ற அச்சொல்லின் பொருள் நான்கு பெயரிலும் கூடவே வந்திருக்கிறது. அதை அறிந்தபோது கோபம் போய்விட்டது.

மாதிரிச் சீட்டில் புதுப் பெயரை எழுதி, அதன்கீழ்ப் பழைய மூன்றையும் ஆண்டோடு எழுதினேன். பழைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டையைத் தேடி வருபவருக்கு அவை வேண்டும்.