மூன்றாவது பெயருக்கு மதிப்பெண் இல்லையாம்

பேராசிரியர் பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வந்துவிட்டாலும், அதற்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கற்பித்தல் பதிவுகளும் ஆய்வு மாணவர் விவரங்களும் சிக்கலின்றி முடிந்தன. இழுத்தடித்தது கட்டுரைப் பட்டியல்தான்.

படிவத்தில் முதல் ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் (இதழோடு கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவர்) மட்டுமே முழு மதிப்பெண். கணிதத்திலோ கூட்டுக் கட்டுரைகளில் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடுவதே வழக்கம் என்பதால், 'வி'யில் பெயர் தொடங்கும் நான் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசி. கோப்பை வாங்கிய அலுவலர் அக்கட்டுரைகளைச் சிவப்புப் பேனாவால் வரிசையாகச் சுழித்துவிட்டு, "இதிலெல்லாம் நீங்கள் உதவி மட்டும்தானே செய்திருக்கிறீர்கள், டாக்டர்?" என்றார். எர்டோஷ், கோ, ராடோ மூவரும் 1961இல் வெளியிட்ட தேற்றம், என் துறையான சேர்வியலின் (பொருள்களைத் தேர்ந்தெடுக்கும், அடுக்கும் வழிகளை ஆராயும் கணிதப் பிரிவு) தூண்களுள் ஒன்று; அந்தப் படிவத்தின் கணக்குப்படி ராடோவும் வெறும் உதவியாளர்தான்.

வாய்ப்பேச்சு எடுபடாது. கூட்டாய்வில் ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்துக் காட்ட இயலாது, அகரவரிசையே மரபு என்று அமெரிக்கக் கணிதக் கழகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையை அச்சிட்டு, இணை ஆசிரியர்களின் கடிதங்களோடு கோப்பின் முன்பக்கத்திலேயே வையுங்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது. சிவப்புச் சுழிகள் நீங்கின.

அடுத்தது பெயர்த் தகராறு. பிறப்புப் பத்திரத்தில் இருப்பது தோட்டத்துக் கிராணி எழுதிக்கொடுத்த எழுத்துக்கூட்டல். கட்டுரைகளில் இருப்பது தலைப்பெழுத்தோடு கூடிய சுருக்கம். இரண்டும் ஒருவரே என்று 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் எழுத்துப்பூர்வமான பிரமாணம் கேட்டார்கள். நம் பட்டணத்துக் கடை வரிசையின் மாடியில் உள்ள பிரமாண ஆணையர் அலுவலகத்திலேயே அந்த வேலை முடிந்துவிட்டது. இதழ்களில் உங்கள் பெயர் வந்துள்ள எல்லா வடிவங்களையும் ஒரே பிரமாணத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் மீண்டும் மாடி ஏற வேண்டும்.

வெளி மதிப்பீட்டாளர் தேர்விலும் விழிப்பாக இருங்கள். என் கட்டுரைகளில் நிகழ்தகவு என்ற சொல்லைக் கண்டதும் கோப்பைப் புள்ளியியலாளர் ஒருவருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் தரவு எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார். 1947இல் ராம்சே எண்களுக்கு (ஒரு வலையமைப்பு எவ்வளவு பெரிதானால் அதில் குறிப்பிட்ட ஒழுங்கு கட்டாயம் தோன்றும் என்று சொல்லும் எண்கள்) எர்டோஷ் நிகழ்தகவைக் கொண்டு கீழ்வரம்பு கண்டபோது எந்தத் தரவும் தேவைப்படவில்லை. தற்செயலாகத் தேர்ந்தெடுக்கையில் ஓர் அமைப்பு தோன்றும் நிகழ்தகவு சுழியைவிட மிகுதி என்று காட்டினாலே அது உண்டு என்று நிறுவியதாகிவிடும். இதை ஒரு பக்கத்தில் விளக்கி, சேர்வியலாளர்கள் சிலரைப் பரிந்துரைத்துக் கடிதம் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட நாளோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வரவே இல்லை என்று என்னிடம் ஒருமுறை சாதித்தார்கள்.