தம்மைத் தாமே மன்னிக்க முடியுமா?

அமெரிக்க அதிபர் ஒருவர் தமக்குத் தாமே மன்னிப்பு வழங்கிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அந்நாட்டு நீதிமன்றம் எதுவும் இதுவரை விடை சொன்னதில்லை. கூட்டரசுக் குற்றங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அளிக்கும் அரசியலமைப்பு, பதவிநீக்க விசாரணையை மட்டுமே விலக்கி வைத்திருக்கிறது. வேறொரு விலக்கும் எழுதப்படாததால் தடையே இல்லை என்கிறார்கள் சில அறிஞர்கள்.

மறுப்பவர்களுக்கு முதல் சான்று, அதிபர் ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகுவதற்கு நான்கு நாட்களுக்கு முன், 1974 ஆகஸ்ட் 5 அன்று, அரசின் சட்ட ஆலோசனை அலுவலகத்திலிருந்து மேரி லாட்டன் எழுதிய குறிப்பு. தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாக எவரும் இருக்கலாகாது என்பதே அதன் அடிப்படை. ஆனால் அக்குறிப்பு மிகச் சுருக்கமானது. நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது.

எனக்கு வலுவாகப் படுவது 1787 செப்டம்பரில், அரசியலமைப்பை வகுத்த பிலடெல்பியா மாநாட்டில் நடந்த விவாதம். அதிபரே குற்றவாளியாக இருக்கக்கூடும் என்பதால் தேசத்துரோகத்தை மன்னிக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டாம் என்று எட்மண்ட் ராண்டால்ஃப் வாதிட்டபோது, அப்படிப்பட்டவரைப் பதவிநீக்கி வழக்குத் தொடுக்கலாம் என்று ஜேம்ஸ் வில்சன் பதிலளித்தார். தம்மைத் தாமே மன்னிக்க முடியும் என்றால் அந்தப் பதிலுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. அன்று அவையில் அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது.

அதிபர்களின் சட்டப் பாதுகாப்பு பற்றிய 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இதைத் தீர்த்துவைக்கவில்லை. தம்மையே மன்னித்துக்கொண்ட அதிபர் ஒருவர்மீது பிறகு எவரேனும் வழக்குத் தொடுத்தால்தான் இது நீதிமன்றப் படியேறும்.