பெரியம்மாவின் வீட்டுக் கொப்பி

நம் பள்ளிக்கூடத்தில் 1962 க்கும் 1996 க்கும் இடையில் மனையியல் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்த வீட்டைத் தெரிந்திருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை, இடது கைப் பக்கம், மதிலோடு ஒட்டி ஒரு செவ்விளநீர் மரம் நிற்கும். ரீச்சர் கரும்பலகையில் படிப்பித்ததை விட எங்களைப் பத்துப் பத்துப் பேராக அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பித்ததுதான் கூட. உங்களுக்கு அவர் ரீச்சர், எனக்குப் பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா. ஆனால் பள்ளிக் கேற்றுக்குள் கால் வைத்தால் எனக்கும் ரீச்சர்தான். ஒருநாள் வகுப்பில் மறந்துபோய் "பெரியம்மா" என்று கூப்பிட்டேன், அவர் திரும்பவே இல்லை, "ரீச்சர்" என்றதும்தான் திரும்பினார்.

2024 ஓகஸ்ட்டில் அவரோடு மூன்று கிழமை போய் இருந்துவிட்டு வந்தேன். அதைத்தான் இந்த மலருக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அவரைத் தெரிந்தவர்கள் லண்டனில் இத்தனை பேர் இருக்கிறோம், அவருக்கு இப்போது 88 வயது.

நான் இங்கே வந்தது 1985 இல். அதற்குப் பிறகு கொழும்புக்குப் போனது ஒரே ஒரு தடவை, 2003 இல், யுத்த நிறுத்த காலத்தில், பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போகும் வழியில் ஓர் இரவு மட்டும். இந்த முறை தனியாகப் போனேன். கட்டுநாயக்காவில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் 30 நாள் விசாவையும் பிடித்துக்கொண்டு வெளிநாட்டவர் வரிசையில் நிற்கும்போது நெஞ்சு கனத்துத்தான் போனது. இந்த ஊரில் பிறந்து, பன்னிரண்டு வருஷம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டையும் ரையும் போட்டுக்கொண்டு போனவள், இப்போது பெரியம்மாவைப் பார்க்கப் போவதென்றால் அது வெளிநாட்டுப் பயணம்.

காலி வீதியில் பாதிக் கடைகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சவோய் தியேட்டரைக் கண்ட பிறகுதான் இடம் பிடிபட்டது. ஒழுங்கைக்குள் திரும்பினால் இரண்டு பக்கமும் தொடர்மாடிகள், எட்டு மாடி, ஒன்பது மாடி. நாங்கள் படித்த காலத்தில் ஒழுங்கை முடியும் இடத்தில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கல்லும் கடலும், அவ்வளவுதான். இப்போது இடையில் மரைன் டிரைவ் ஓடுகிறது. அந்தக் கட்டடங்களுக்கு நடுவில் கள்ளிக்கோட்டை ஓடு போட்ட ஒரேயொரு வீடு, அதன் படியில் பெரியம்மா, ஒரு கை தூணில்.

"என்ன பிள்ளை, பிளேனில சாப்பிடத் தந்தவங்களோ? முகத்தைக் கழுவிப்போட்டு வா, இடியப்பம் ஆறப்போகுது."

21 வருஷத்துக்குப் பிறகு காண்கிறோம். இதுதான் முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் அதைக் கண்டும் காணாதமாதிரி உள்ளே போனார்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 18 பேர்ச் காணி. தபால் கந்தோரில் வேலை பார்த்த பெரியப்பாவின் அப்பா 1938 இல் கட்டுவித்தது, பெரியம்மா 1961 இல் மருமகளாக வந்தார். முன்னால் அரைச்சுவர் விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை, இரண்டு சாய்மனைக் கதிரை. உள்ளே போனால் கூடம், கூடத்துக்கு நடுவில் நாலு தூண், தூண்களுக்கு நடுவில் மேலே திறந்த சின்ன முற்றம். யாழ்ப்பாணத்தில் உள்ள நாற்சார் வீட்டு முற்றத்தின் கால்வாசி கூட இராது, ஒரு கறிவேப்பிலை, ஒரு நந்தியாவட்டை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுக்குத்தான் இடம். கதவு நிலைகளுக்கு மேலே பூ வெட்டிய பலகை. அதைச் சின்ன வயதில் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் மத்தியானம் நல்ல வெயில், லண்டனிலிருந்து போன உடம்புக்குத் தாங்க முடியாமல் "ஃபானைப் போடட்டோ பெரியம்மா?" என்று கேட்டேன். "பொறு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் மேற்குப் பக்க யன்னல்களின் மேல் கதவுகளை மட்டும் சாத்தினார். அந்த வீட்டு யன்னல் ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு. கொழும்பில் கடல் மேற்கில் இருக்கிறது, பின்னேர வெயிலும் அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும், நல்ல காற்றும் அந்தப் பக்கத்தால்தான் வரும். மேல் கதவைச் சாத்தினால் வெயில் நிற்கும், கீழ்க் கதவு திறந்திருந்தால் காற்று தரையோடு வரும். வந்த காற்று சூடேறி மேலே எழும்பி, பூ வெட்டிய பலகைகளுக்குள்ளால் போய் முற்றத்தால் வெளியேறும். ஐந்து நிமிஷத்தில் காலடியில் காற்று வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் இதே கூடத்தில் இருந்து 'காற்றோட்டம்' என்று தலைப்பிட்டு அம்புக்குறி போட்டுப் படம் கீறினோமே, யாருக்காவது நினைவிருக்கிறதா? அப்போது புள்ளிக்காகக் கீறினேன். இந்த முறை 59 வயதில் அந்த அம்புக்குறியை உடம்பால் உணர்ந்தேன்.

தரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் வகுப்புக்காரர் கோபிப்பார்கள். சனிக்கிழமையில் சிவப்புப் பொலிஷ் பூசி, பாதியாக வெட்டிய பொச்சுமட்டையைக் காலால் மிதித்து முன்னும் பின்னும் தேய்ப்போமே, அது இன்னும் நடக்கிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் ஏலாது, அவரோடு இருக்கும் அப்புத்தளை அக்கா தேய்க்கிறார். பெரியம்மா கதிரையில் இருந்தபடியே "மூலை, மூலை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தத் தரையில் வட்டமாக இருந்துதான் 1973, 74 பாண் தட்டுப்பாட்டில் எத்தனை பிள்ளைகள் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டோம். அப்போது நான் சின்ன வகுப்பு, பெரிய அக்காமாருக்கு நடுவில் குந்தியிருப்பேன். சமையல் செய்முறைப் பாடம் என்று சொல்லித்தான் ரீச்சர் அவர்களைக் கூட்டிவந்தார். வீட்டில் சாப்பாடு காணாத பிள்ளைகளைப் பார்த்துத்தான் கூட்டிவந்தார் என்று எனக்கு விளங்கியது வெகுகாலம் கழித்து. அந்தப் பெயர்களை அவர் இந்த முறையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடலுக்கு இருநூறு யார் வராது. உப்புக் காற்று இரும்பு என்று எதையும் விட்டுவைக்காது. அதனால் பிணைச்சல், கொண்டி எல்லாம் பித்தளை, மாதம் ஒருமுறை எண்ணெய். பங்குனியில் கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடும் பீலி துப்பரவாக்க வேண்டும், ஏனென்றால் வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிடும். ஓட்டுக்கு மேல் ஆள் ஏற வேண்டும், ஏறத் தெரிந்த பாஸ்மார், அதாவது மேசன், தச்சு வேலைக்காரர், இப்போது குறைவு. இதை எல்லாம் அவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். முதல் கொப்பி 1961 இல் தொடங்குகிறது, இப்போது ஓடுவது ஆறாவது. திகதி, வேலை, வந்த பாஸின் பெயர், செலவு. மனையியலில் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே நாலு நிரல், அதே அடிமட்டக் கோடு.

அங்கே நின்ற நாட்களில் ஒருநாள் கொள்ளுப்பிட்டியில் பகத்தலை வீதிப் பக்கம் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீட்டைப் பார்க்கப் போனேன். சின்னச் சின்ன வரிசை வீடுகள் நாலை 1958 இலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சுவர் உடைத்து ஒரே வீடாக்கியிருக்கிறார், உள்ளே எங்கு திரும்பினாலும் ஒரு சின்ன முற்றம், மேலிருந்து வெளிச்சம். அதுபோல அல்பிரட் பிளேஸில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்கு அவர் 1960 களில் கட்டிக்கொடுத்த வீட்டை, காணி கைமாறியபோது இடித்துத் தள்ளாமல் கல்லுக் கல்லாகக் கழற்றி பெந்தோட்டையில் பாவாவின் தோட்டமான லுனுகங்காவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். இதை எல்லாம் வந்து மூச்சுவிடாமல் பெரியம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஆசையாகக் கேட்டார், படங்களை எல்லாம் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "வீட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம், கடல் காத்தைக் கொண்டு போகேலாதே" என்றார். நான் அதை இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் இந்தக் காணியையும் கேட்டு வருகிறார்கள். தொடர்மாடி கட்டுகிறோம், இரண்டு வீடு தருகிறோம், மிச்சத்துக்குக் காசு என்கிறார்கள். மகன்மார் இரண்டு பேர், ஒருவர் கனடா, ஒருவர் அவுஸ்திரேலியா, இருவரும் கொடுக்கச் சொல்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், 88 வயதில் தாய் இரவில் விழுந்தால் யார் தூக்குவது என்ற பயம் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன், உண்மையைச் சொன்னால் அவரைச் சம்மதிக்க வைக்கும்படி ஒரு தம்பி என்னிடம் கேட்டும் இருந்தான். சரி, கதைத்துப் பார்ப்போம் என்று ஒரு பின்னேரம் தொடங்கினேன்.

பெரியம்மா மறுத்துப் பேசவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றிச் சொன்னார். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பக்கத்துத் தொடர்மாடியில் ஜெனரேற்றருக்கு டீசல் இல்லாமல் லிஃப்ட் நின்றுவிட்டது. ஏழாம் மாடியில் இருந்த வயதான புருஷனும் பெண்சாதியும் காலையில் படியால் மெல்ல மெல்ல இறங்கி வந்து, இரவு வெளிச்சம் வரும்வரை இந்த விறாந்தையில் இருப்பார்களாம், அந்த வெக்கையில் மேலே ஃபான் இல்லாமல் இருக்க முடியவில்லை. பின் குசினியில் இடிக்காமல் வைத்திருந்த விறகடுப்பில் ஒழுங்கைக்கே தேத்தண்ணி போனது. "இந்த வீடு ஆருக்கும் பாரமில்லை பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆறு கொப்பிகளையும் என் மடியில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போனார்.

நான் தேடிப் போனது 1983. உங்களில் பலருக்கு, கொழும்பில் தமிழர் வீடுகளைத் தாக்கி எரித்த அந்த ஜூலை 25 திங்கட்கிழமையை விவரிக்கத் தேவையில்லை. நாங்கள் அன்று காலை பெரியம்மா வீட்டில்தான் இருந்தோம், பின் வளவுச் சிங்கள ஆன்ரி ஏணி வைத்து எங்களை மதிலால் தன் வீட்டுக்கு எடுத்தார். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். நாங்கள் திரும்பி வரவில்லை. பெரியம்மாவும் பெரியப்பாவும் ஐந்தாறு கிழமையில் கொழும்புக்குத் திரும்பினார்கள், அதை அம்மா சாகும்வரை ஏற்றுக்கொள்ளவில்லை, "அக்காவுக்கு எங்களை விட வீடு பெரிசு" என்று இங்கே குளிரில் இருந்து எத்தனை தரம் சொல்லியிருப்பார். நானும் நம்பினேன்.

கொப்பியில் அந்தப் பக்கம் இப்படி இருந்தது. "1983 செப்டெம்பர் 18. யன்னல் கண்ணாடி 14. முன்கதவு புதிது, முதிரை. ஓடு 62. விறாந்தைத் தரை கரி சுரண்டி மெழுகியது." வேறு ஒரு சொல் இல்லை. கையெழுத்து மட்டும் மற்றப் பக்கங்களை விட அழுத்தமாக, தாளின் மறுபக்கத்தில் விரல் வைத்தால் தட்டுப்படுமளவுக்கு இருந்தது.

"ஏன் பெரியம்மா திரும்பி வந்தனீங்கள்?" என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். திருநீற்றுக் கையோடு நின்றவர், கேள்வியே விளங்காதவர்போல என்னைப் பார்த்தார்.

"ஐப்பசி மழை வரப்போகுது. ஓடில்லாமல் வீட்டை விடலாமோ?"

அதற்குப் பிறகு காணியைப் பற்றி நான் கதைக்கவில்லை. தம்பிக்கும் போன் எடுத்து, என்னால் முடியாது, நீயே வந்து ஒரு மாதம் இருந்து பார் என்று சொல்லிவிட்டேன். மிச்ச நாட்களில் செய்யக்கூடியதைச் செய்தேன். மேற்கு யன்னல்களின் பித்தளைப் பிணைச்சல்கள் 24 ஐயும் புளி போட்டு மினுக்கி எண்ணெய் விட்டேன். குளியலறையில் கைபிடிக் கம்பி பூட்டுவித்தேன், அதற்கு மட்டும் இரண்டு நாள் வாதாட வேண்டியிருந்தது.

கொழும்புக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள், நாலு மணிக்குப் பிறகு. போன் தேவையில்லை, அவர் விறாந்தையில்தான் இருப்பார். 79 ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பில் கோலம் போடுவதில் கெட்டிக்காரியாக இருந்த பிள்ளை, வாணி விழாவுக்கு அவல் இடித்த மூன்று பேர், தையலில் ஊசி குத்தி மயங்கியவர், எல்லோரையும் விசாரித்தார். எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார், வேறு ஒன்றும் கொண்டுபோகத் தேவையில்லை.

வெளிக்கிட முதல் நாள் இரவு நல்ல மழை. முற்றத்துத் தூவானம் தூண்வரை வந்தது. பெரியம்மா ஆறாவது கொப்பியை எடுத்துத் தந்து, அடிமட்டமும் பேனையும் தந்து, "எழுது" என்றார். 2024 ஓகஸ்ட் 27, பிணைச்சல் 24, எண்ணெய். குளியலறைக் கம்பி 2. பாஸின் பெயர் எழுதும் நிரலில் என்ன எழுதுவது என்று கேட்டேன், உன் பெயரை எழுது என்றார். எழுதினேன். பிறகு கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, அடுத்த வரியில் தன் கையாலேயே மெல்ல மெல்ல எழுதினார்: "அடுத்தது, பங்குனி, பீலி."