படையில் கற்ற முறையும் வகுப்பில் கற்ற காரணமும்

விமானப்படையில் எஞ்சின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றியபோது, வேலை முடிந்ததும் கருவிப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் வடிவில் வெட்டப்பட்ட பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திடுவோம். ஒரு கருவி குறைந்தாலும், அது எங்கே என்று தெரியும்வரை அந்த விமானம் பறக்காது. எதைச் செய்ய வேண்டும் என்பது அங்கே துல்லியமாக எழுதப்பட்டிருந்தது. ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதற்குக் கையேட்டில் இடமில்லை.

அந்தக் கேள்விதான் ஓய்வுக்குப் பின் என்னை இயற்பியல் படிக்க வைத்தது. மறந்துபோன நுண்கணிதத்தை மீட்டெடுக்கச் சிரமப்பட்டேனே தவிர, ஆய்வகம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. பிழையான அளவீட்டை அழிக்காமல், படிக்கும்படியாக ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுச் சரியானதை அருகில் எழுதும் வழக்கம் பராமரிப்புப் பதிவேட்டிலும் உண்டு. படை வாழ்க்கை தந்த கட்டுப்பாட்டைப் பலரும் புகழ்கிறார்கள். அறிவியலுக்கு அதைவிடப் பெரிய உதவியாக நான் கருதுவது, நடந்ததை நடந்தபடி எழுதும் இந்தப் பழக்கத்தைத்தான்.

ஆசிரியரான பிறகு, விமானத்தை எது மேலே தூக்குகிறது என்று கேட்டால், இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் அங்கே செல்லும் காற்று அதிகத் தூரத்தைக் கடந்து, கீழே செல்லும் காற்றுடன் ஒரே நேரத்தில் பின்விளிம்பைச் சேர வேண்டியிருக்கிறது, அதனால்தான் வேகமெடுக்கிறது என்ற விளக்கத்தை மாணவர்கள் ஆண்டுதோறும் ஒப்பித்தார்கள். அப்படிச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகையை விட்டுவிட்டுச் செலுத்தினால், மேலே செல்லும் புகை கீழே செல்வதை முந்திக்கொண்டு பின்விளிம்பைத் தாண்டிவிடுவது கண்ணுக்கே தெரியும். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விசை இறக்கையை மேலே தூக்குகிறது. இதை மனப்பாடமாக அல்லாமல் புரிந்து சொல்லும் மாணவரைக் காண்பதில் எனக்கு இன்றும் அலுப்பில்லை.

பின்னர் விமானியாகி, பயிற்றுநராகவும் உரிமம் பெற்றேன். வேகம் குறைந்தால்தான் விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கையின் மேல் காற்றோட்டம் பிரிந்து தூக்கும் விசை திடீரெனக் குறையும் என்றே பயிற்சிக்கு வருபவர்கள் நம்புகிறார்கள். உண்மையில், காற்றோட்டத்துக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, எந்த வேகத்திலும் அது நேரலாம். நேர்ப் பறத்தலில் 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது, இறக்கைகள் இருமடங்கு எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், 50-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும் ஏறத்தாழ 71 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். தரையிறங்கும் முன் ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில், பாதையைத் தவறவிடும் அச்சத்தில் கட்டுப்பாட்டுத் தண்டை மேலும் மேலும் இழுக்கும் கைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்; அங்கே மீள்வதற்குப் போதிய உயரம் இருக்காது. ஆகவே 2-இன் வர்க்கமூலம் அந்தக் கணக்கில் எங்கிருந்து வந்தது என்பதைக் கரும்பலகையில் தாமே எழுதிக் காட்டும்வரை, எவரையும் அந்தப் பயிற்சிக்கு நான் வானில் அழைத்துச் செல்வதில்லை.