கூர்தீட்டாத திருப்புளிகள்

1984 டிசம்பர் 22 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற வெள்ளையர், தம்மை நெருங்கி ஐந்து டாலர் கேட்ட கறுப்பின இளைஞர் குழுவினர் நால்வரையும் சுட்டார். தற்காப்புக்காகவே சுட்டதாக வாதிட்டார். அவ்வழக்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கண் போய் நிற்பது ஒரு பெயரடையின் மீதுதான். இளைஞர்களிடம் 'கூர்தீட்டிய' திருப்புளிகள் இருந்ததாகச் செய்திகள் திரும்பத் திரும்பச் சொல்லின. உண்மையில் அவை சாதாரணத் திருப்புளிகள். விளையாட்டு இயந்திரங்களின் காசுப் பெட்டியை உடைப்பதற்காக மேலங்கிக்குள் வைத்திருந்தவை. (திருடத்தான் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.)

ஐந்து டாலரை அவர்கள் 'கேட்டார்களா', 'மிரட்டிக் கேட்டார்களா' என்பதே வழக்கின் உயிர்நாடியாக இருக்கையில், நிருபர் இரண்டில் ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்த கணமே தீர்ப்பும் எழுதிவிடுகிறார். இரு தரப்புக் கூற்றையும் அவரவர் வாய்மொழியாகவே தருவதுதான் முறை.

1987இல் மன்ஹாட்டன் ஜூரி கெட்ஸைக் கொலை முயற்சி, தாக்குதல் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்து, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் குற்றவாளி என்றது. 1996இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி உரிமையியல் ஜூரியோ, சுடப்பட்டு முடமான இளைஞருக்கு 4.3 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. நான் பார்த்த பல கட்டுரைகள், தமக்கு உவப்பான ஒரு தீர்ப்பைத் தலைப்பிலும் மற்றதைக் கடைசிப் பத்தியிலும் வைத்திருந்தன.